நிறுத்தும் பொத்தான் இல்லாத குழந்தை

பத்தாம் வகுப்பு மாணவி



"கணிப்பொறி விளையாட்டில் குழந்தை வளர்ப்பது நன்மையா, தீமையா?" என்று ஒரு தலைப்பைக் கொடுத்தால், நம் பள்ளிப் பட்டிமன்றத்தில் இரு அணியினரும் ஒரு மணி நேரம் முழங்கலாம். எங்கள் வீட்டில் சென்ற கோடை விடுமுறை முழுவதும் இந்தப் பட்டிமன்றம் நடந்தது. "பத்தாம் வகுப்புக்குப் போகிற பெண் பொம்மைக் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே!" என்று அப்பா ஒரு பக்கம். "அதுவும் ஒரு படிப்புதான் அப்பா, விடுங்கள்" என்று அண்ணன் ஒரு பக்கம். பாட்டிதான் நடுவர். தீர்ப்புச் சொல்லாமல் சிரித்துக்கொண்டே இருந்த நடுவர்.

அந்த விடுமுறையில் என் பொறுப்பில் இரண்டு குழந்தைகள் இருந்தன. ஒன்று, அண்ணன் கல்லூரிக்காக வாங்கிய மடிக்கணிப்பொறிக்குள் நான் வளர்த்த குழந்தை. அதற்கு நிலா என்று பெயர் வைத்திருந்தேன். மற்றொன்று, சித்தியின் குழந்தை. பாட்டி எங்களோடு இருப்பதால் எங்கள் வீடே சித்திக்குத் தாய்வீடு. தலைப்பிரசவத்திற்கு வந்தவருக்குத் தை மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. ஐந்தாம் மாதத்தில் கொண்டுபோய் விடுவது என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். ஆகவே நிலாவும் பாப்பாவும் ஒரே கூடத்தில், ஒரே மின்விசிறியின் கீழ் வளர்ந்தார்கள். இருவரையும் ஒருங்கே பார்த்ததால் எனக்கு ஏற்பட்ட கருத்தையே இங்கு எழுதுகிறேன்.

அறியாதவர்களுக்காக இந்த விளையாட்டைப் பற்றிச் சிறிது கூறுகிறேன். இதன் பெயர் 'தி சிம்ஸ்'. உருவாக்கியவர் அமெரிக்காவைச் சேர்ந்த வில் ரைட். 1991-ஆம் ஆண்டு கலிபோர்னியா மாநிலத்து ஓக்லண்ட் பகுதியில் மூண்ட பெருந்தீயில் அவருடைய வீடு எரிந்து போயிற்று. வீட்டையும் பொருள்களையும் ஒவ்வொன்றாக மீண்டும் தேடிக்கொண்ட அனுபவமே இந்த விளையாட்டுக்கு வித்தாக அமைந்தது. முதற் பதிப்பு 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இதில் கொல்ல வேண்டிய பகைவன் இல்லை. ஓடிக் கடக்க வேண்டிய தூரமும் இல்லை. ஒரு குடும்பத்தை உண்டாக்கி, வீடு கட்டி, சமைத்து, வேலைக்கு அனுப்பி, பிள்ளைகளை வளர்ப்பதே விளையாட்டு. நான் விளையாடியது 2014-இல் வந்த நான்காம் பதிப்பு. 2022 அக்டோபர் முதல் இதன் அடிப்படைப் பகுதி இலவசமாகக் கிடைக்கிறது. பிறந்த குழந்தை முன்பெல்லாம் தொட்டிலோடு ஒட்டியே கிடக்குமாம். 2023 மார்ச்சில்தான் கைக்குழந்தைப் பருவத்தைத் தனியாகச் சேர்த்தார்கள். இப்போது குழந்தையை இடுப்பில் தூக்கலாம், குப்புறப் படுக்க வைத்துத் தலை நிமிர்த்தப் பழக்கலாம், தவழச் செய்யலாம்.

இந்த ஆசை புதியதும் அன்று. 1996-ஆம் ஆண்டு ஜப்பான் நாட்டில் பண்டாய் நிறுவனம் 'தமகோச்சி' என்ற முட்டை வடிவப் பொம்மையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் சிறு திரையில் ஓர் உயிர் பொரிந்து வெளிவரும். பசிக்கும், அசுத்தம் செய்யும், கவனியாது விட்டால் இறந்துபோகும். பிள்ளைகள் அதை வகுப்புக்கே எடுத்துச் சென்று ஊட்டத் தொடங்கியதால், பல நாடுகளில் பள்ளிகள் அதைத் தடை செய்ய நேர்ந்தது. நம் பாட்டிமார் மரப்பாச்சிக்குப் புடவை கட்டியதும் இதே ஆசையால்தான். பிள்ளை வளர்த்துப் பார்க்கும் விளையாட்டு உலகெங்கும் பெண் குழந்தைகளுக்கு உண்டு.

இந்த விளையாட்டை முற்றிலும் பழிப்பது என் நோக்கம் அன்று. அதனால் நான் கற்றவை சில உண்டு. குழந்தை இரவு பகல் பாராது என்பதை நிலாவிடம்தான் முதலில் அறிந்தேன். அவளுக்குப் பசி, தூக்கம், தூய்மை, அன்பு எல்லாவற்றிற்கும் திரையில் அளவுகோல் உண்டு. பச்சையாக இருப்பது மெல்ல மஞ்சளாகும், பிறகு சிவப்பாகும். சிவப்பானபின்னும் கவனிக்காமல் இருந்தால் குழந்தை நலத் துறை எடுத்துக்கொண்டு போய்விடும். மேலும், விளையாட்டில் தந்தையும் பால் புகட்டுவான், துணி மாற்றுவான், நள்ளிரவில் எழுந்து தோளில் போட்டுத் தட்டுவான். 'இது தாயின் வேலை' என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஞாயிறுதோறும் வந்து, பாப்பாவைக் கையில் வாங்கப் பயந்து தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போகும் எங்கள் சித்தப்பாவை இந்த விளையாட்டை விளையாடச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். அதை நான் சொல்லவும் செய்தேன். சித்தப்பா சிரித்தார், ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாப்பாவை மடியில் வாங்கிக்கொண்டார்.

நன்மை இவ்வளவு இருக்கிறதே, பிறகென்ன குறை என்று கேட்பீர்கள். குறை காலத்தில் இருக்கிறது. விளையாட்டில் ஒரு நிமிடம் என்பது நம் கடிகாரத்தில் ஒரு நொடி. ஆகவே ஒரு நாள் 24 நிமிடத்தில் முடிந்துவிடும். கருவுற்றவள் மூன்றாம் நாள் பிள்ளை பெறுவாள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 72 நிமிடம்! சித்தி பத்து மாதம் வாந்தியும் மயக்கமும் கால் வீக்கமுமாகச் சுமந்ததை, விளையாட்டில் ஒன்றேகால் மணி நேரத்திற்குள் முடித்துவிடலாம். பணம் போதவில்லையா? 'மதர்லோட்' என்று ஒரு சொல்லைத் தட்டினால் 50,000 சிமோலியன் வந்து விழும். சிமோலியன் என்பது அந்த உலகத்து நாணயம். குழந்தை அழுது தொல்லை தருகிறதா? நிறுத்தும் பொத்தானை அழுத்தினால் வீடே சிலையாக நின்றுவிடும். தவறு செய்துவிட்டோமா? சேமிக்காமல் வெளியேறி, முன்பு சேமித்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம். நான் நிலாவை மூன்று முறை அப்படித் திரும்பப் பெற்றேன்.

இனி, நான் சொல்லத் தயங்கிய செய்தியைச் சொல்கிறேன்.

மே மாதத்தில் ஒரு நாள் காலை. அம்மா கடைக்குப் போயிருந்தார். பாட்டி கிணற்றடியில் இருந்தார். பாப்பா பாய் மேல் மல்லாந்து கிடந்து, தன் கையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாப்பாவைக் கொஞ்சம் பாத்துக்கடி, தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வந்துடறேன்" என்று சொல்லிச் சித்தி குளிக்கச் சென்றார். நான் "சரி சித்தி" என்றேன். பாப்பாவின் அருகில்தான் அமர்ந்திருந்தேன். ஆனால் கணிப்பொறி மடியில் இருந்தது. நிலாவுக்குப் பசி சிவப்பாகிவிட்டது. அவள் தாய் அடுப்படியில் நின்றுகொண்டே இருந்தாள். நான் அவளை ஏவிக்கொண்டிருந்தேன்.

அழுகை கேட்டது. நிலா அழுகிறாள் என்று எண்ணினேன். எரிச்சலாக இருந்தது, நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். திரையில் எல்லாம் நின்றது. அழுகை நிற்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். பாப்பா குப்புறக் கவிழ்ந்து கிடந்தாள். ஒரு கை மார்புக்கு அடியில் சிக்கியிருந்தது. முகம் விரிப்புத் துணியில் புதைந்திருந்தது. தலையைத் தூக்கப் பார்த்து முடியாமல், துணிக்குள் அழுதுகொண்டிருந்தாள். கணிப்பொறியைத் தள்ளிவிட்டு அவளை வாரி எடுத்தேன். முகம் சிவந்திருந்தது. என் தோளில் சாய்ந்து இரண்டு விம்மல் விம்மி ஓய்ந்தாள். ஒன்றும் ஆகவில்லை. இறைவனுக்கு நன்றி.

சித்தி ஈரத் தலையோடு ஓடி வந்தார். விவரம் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "குப்புற விழுந்துட்டாளா? முதல் தடவையா? நான் பாக்கலையே! எப்படித் திரும்பினாடி? நீ பாத்தியா?" என்றார்.

நான், "பார்த்தேன் சித்தி" என்றேன்.

அதோடும் நிற்கவில்லை. "காலை மடக்கினாள், இடுப்பை ஒருக்களித்தாள், அப்புறம் ஒரே புரளாகப் புரண்டாள்" என்று வருணித்தேன். அவ்வளவும் பொய். கணிப்பொறித் திரையில் கண்டதைக் கொண்டு கட்டிச் சொன்னேன். சித்தி அதைக் கைப்பேசியில் சித்தப்பாவிடம் அப்படியே சொல்லி மகிழ்ந்தார். பாட்டி அன்று மாலை கொழுக்கட்டை செய்து அண்டை வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினார். அந்தக் கொழுக்கட்டை என் தொண்டையில் இறங்கவில்லை.

அன்றிரவு படுத்துக்கொண்டே எண்ணினேன். பாப்பா முதன்முதலில் புரண்ட அந்த நொடியை இந்த உலகில் எவருமே பார்க்கவில்லை. பார்ப்பதற்கென்று அமர்த்தப்பட்ட நான் பக்கத்திலேயே இருந்தும் பார்க்கவில்லை. நிலாவாக இருந்தால் முன்பு சேமித்த இடத்திற்குத் திரும்பிப் போய்ப் பார்த்திருப்பேன். பாப்பாவிடம் திரும்பிப் போக வழி இல்லை.

இங்கே சிலர் என்னிடம் ஒரு வாதத்தை வைக்கலாம். "கற்பனைக் குழந்தை மேல் அன்பு வைத்ததால்தானே உண்மைக் குழந்தையை மறந்தாய்? ஆகவே கற்பனைக் குழந்தையே வேண்டாம்" என்று. இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கற்பனையாகக் குழந்தை வளர்ப்பதில் நம் தமிழரை மிஞ்சியவர் எவருமில்லை. பிள்ளைத்தமிழ் என்று ஒரு சிற்றிலக்கியமே நமக்கு உண்டு. இறைவனையோ அரசனையோ குழந்தையாகப் பாவித்து, பருவம் பருவமாக வளர்த்துப் பாடுவது அது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று ஏழு பருவங்கள் இருபாலார்க்கும் பொது. பிறகு ஆண் பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண் பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல். ஆகப் பத்து. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழனைக் குழந்தையாக்கினார். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியைக் கையில் ஏந்தினார். அவர்களுக்கெல்லாம் முன்பே பெரியாழ்வார் தம்மை யசோதையாகவே எண்ணிக் கண்ணனைத் தாலாட்டினார்.

நம் பள்ளிக் கோயிலில் ஆண்டுதோறும் டிசம்பரில் குடில் கட்டுகிறோமே, அதுவும் இத்தகையதே. 1223-ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ என்னும் சிற்றூரில் அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ் வைக்கோலைப் பரப்பி, மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, பெத்லகேம் இரவை ஊரார் கண்முன் கொண்டுவந்தார். வைக்கோல் மேல் கிடத்தும் பாலன் சுண்ணத்தாலோ மண்ணாலோ செய்த உருவந்தான். ஆயினும் அதன் முன் முழந்தாளிட்டு எழும்போது நம் மனம் சற்று இளகியே எழுகிறது.

நம் ஊருக்கே உரிய கதையையும் கூறலாம். திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டிருந்த போசள மன்னன் மூன்றாம் வல்லாளனுக்குப் பிள்ளை இல்லை. அண்ணாமலையாரே குழந்தையாக வந்தார் என்றும், அரசன் ஆசையோடு கையில் எடுத்தவுடன் மறைந்தார் என்றும் அருணாசல புராணம் கூறுகிறது. கணப்பொழுது கையில் இருந்த பிள்ளை! ஆனால் அந்தப் பிள்ளை தன் கடமையை மறக்கவில்லை. இன்றும் ஆண்டுதோறும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டில் ஆற்றங்கரைக்கு எழுந்தருளி, மகன் என்ற முறையில் வல்லாள மகாராஜாவுக்குத் திதி கொடுக்கிறார். நம் தோழியரில் பலர் அந்தக் கூட்டத்தில் நின்று பார்த்திருப்பீர்கள்.

இந்தக் குழந்தைகளெல்லாம் கற்பனையிலும் பாவனையிலும் வந்த குழந்தைகள்தாமே? பிறகு நிலாவுக்கும் இவர்களுக்கும் என்ன வேறுபாடு? நான் எண்ணிக் கண்டது இது. பிள்ளைத்தமிழ்க் குழந்தை புலவர் கைக்குள் அடங்காது. அதன் முன் புலவர்தாம் பணிகிறார். குடிலில் கிடக்கும் பாலன் முன் நாம் மண்டியிடுகிறோம். வல்லாளன் பிள்ளை அவன் விரும்பியபடி தங்கவில்லை. நிலாவோ முழுக்க முழுக்க என் ஆணைக்கு உட்பட்டவள். அவள் முகத்தை நான் தேர்ந்தெடுக்கலாம், அவளை நிறுத்தலாம், ஓட்டலாம், அழிக்கலாம். அழித்தால் கேட்பார் இல்லை. பிறர் நம் விருப்பப்படி ஆடாதபோதும் அவர்களை விட்டு அகலாமல் இருப்பதே அன்பு. அந்த அன்புக்கு நிலாவிடம் இடமே இல்லை.

'வெறும் விளையாட்டுக்கு இவ்வளவு பேச்சா?' என்று எண்ணாதீர்கள். இந்த விளையாட்டில் ஒரு வசதி உண்டு. கருவுற்ற பெண் காரட் தின்றால் ஆண் குழந்தை பிறக்கும் வாய்ப்புக் கூடும். ஸ்ட்ராபெரிப் பழம் தின்றால் பெண் குழந்தை. நான் ஸ்ட்ராபெரி கொடுத்துத்தான் நிலாவைப் பெற்றேன். விளையாட்டில் இது வேடிக்கை. ஆனால் திரைக்கு வெளியே நம் மாநிலத்தில் 'எங்களுக்கு இது வேண்டும், அது வேண்டாம்' என்று தேர்ந்தெடுக்கத் தொடங்கியதன் விளைவு என்ன? பெண் சிசுக்களைக் கொல்லாதீர்கள், வளர்க்க மனமில்லையென்றால் அரசின் தொட்டிலில் இட்டுச் செல்லுங்கள் என்று கெஞ்ச வேண்டிய நிலை வந்தது. 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. 2001-இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும் பரவியது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெண் குழந்தைகளின் விகிதம் குறைந்திருந்ததால், அவ்வாண்டில் மேலும் சில மாவட்டங்களுக்குத் திட்டம் விரிந்தது. அவற்றுள் ஒன்று நம் திருவண்ணாமலை மாவட்டம். தீப ஒளிக்குப் பேர்போன நம் மாவட்டத்தில் அப்படி ஒரு தொட்டில் தேவைப்பட்டதே என்று நாம் வெட்கப்பட வேண்டாமா? கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டு சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. சட்டம் கதவைத்தான் அடைக்க முடியும். மனத்தை மாற்ற வேண்டியவர்கள் நாம். சித்திக்குப் பெண் என்று தெரிந்ததும், "அடுத்தது பையனாப் பொறக்கட்டும்" என்று ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எத்தனை பேர்! பாட்டி அவர்களுக்குக் காப்பி கொடுத்தார், "எங்களுக்கு ஆறுதல் எதுக்கும்மா?" என்றும் கேட்டார்.

'விளையாட்டில் பழகிக்கொண்டால் பிற்காலத்தில் நல்ல தாயாக இருக்கலாம்' என்று கூறுவாரும் உண்டு. அவர்களுக்கு ஓர் ஆராய்ச்சியை நினைவூட்டுகிறேன். குழந்தையைப் போலவே அழவும், பால் கேட்கவும் செய்யும் பொம்மைகளைச் சில நாடுகளில் பள்ளி மாணவியரிடம் வார இறுதியில் கொடுத்தனுப்பினார்கள். குழந்தை வளர்ப்பது எத்தனை கடினம் என்று உணர்ந்தால், இளவயதில் தாயாக மாட்டார்கள் என்பது நோக்கம். மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரைச் சார்ந்த 57 பள்ளிகளில் 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவியர் 2,800 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2016-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். 20 வயதுக்குள் குழந்தை பெற்றவர்கள், பொம்மை வளர்த்தோரில் நூற்றுக்கு 8 பேர். வளர்க்காதோரில் நூற்றுக்கு 4 பேர். நினைத்ததற்கு நேர்மாறு! என் சிற்றறிவுக்குத் தோன்றும் காரணம் ஒன்றுண்டு. பொம்மையை வாரம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம். திருப்பிக் கொடுக்கக் கூடிய ஒன்றால், திருப்பிக் கொடுக்க முடியாத ஒன்றின் பாரத்தை எப்படிக் காட்ட முடியும்?

அந்தப் பாரத்தை அறிந்தவர் எங்கள் பாட்டி. அவருக்குத் திருமணம் நடந்தபோது வயது 15. இப்போது எனக்குள்ள வயது. பதினாறில் ஓர் ஆண் குழந்தை பிறந்து, பத்தே நாளில் இறந்துவிட்டது. இதை அவர் என்னிடம் சொன்னது இந்த விடுமுறையில்தான். நிறுத்தும் பொத்தானை நான் பெருமையாகக் காட்டியபோது, "எங்க காலத்துல அது இல்லையேடி" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பிறகுதான் அந்தக் குழந்தையைப் பற்றிச் சொன்னார். பெண்ணின் திருமண வயது 18 என்று 1978-இல் சட்டம் திருத்தப்பட்டது. 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் அதை மேலும் வலுப்படுத்தியது. இருந்தும் நம் சுற்றுப்புறத்தில் பத்தாவது படிக்கும்போதே மாப்பிள்ளை பார்க்கும் வீடுகள் இன்றும் இல்லாமலில்லை. பெற்றோர்களே, உங்கள் மகள் கணிப்பொறிக் குழந்தையைப் பதினைந்து வயதில் வளர்க்கட்டும், தவறில்லை. உண்மைக் குழந்தையை வளர்க்கும் வயது அதுவன்று. அப்படி எவளேனும் ஒரு தோழிக்கு நேரும் என்று தெரிந்தால், 1098 என்ற எண்ணில் குழந்தைகள் உதவி மையத்திற்குச் சொல்வது நம் கடமை.

ஆகவே என் கருத்து இதுதான். கணிப்பொறியில் குழந்தை வளர்ப்பது பாவமும் அன்று, பெரும் படிப்பும் அன்று. அது ஒரு விளையாட்டு. விளையாட்டை விளையாட்டாக வைத்துக்கொண்டால் தீங்கில்லை. ஆனால் குழந்தை என்றால் என்ன என்பதை அங்கே கற்றுக்கொண்டோம் என்று மட்டும் நம்ப வேண்டாம். அதைக் கற்க விரும்பினால், நம் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ இருக்கும் ஒரு குழந்தையின் தூளியை அரை மணி நேரம் ஆட்டிப் பாருங்கள். பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து, கால்மேல் குழந்தையைக் கிடத்திக் குளிப்பாட்டும்போது சொம்பில் வெந்நீர் எடுத்துக் கொடுங்கள். சாம்பிராணிப் புகை காட்டித் தூங்க வைத்தபின், அந்தத் தாய் அப்பாடா என்று சுவரில் சாய்வதைப் பாருங்கள். நம்மையும் ஒருத்தி இப்படித்தான் வளர்த்தாள், அவளுக்கு எந்தப் பொத்தானும் இல்லை என்பது அப்போது விளங்கும்.

இந்தக் கட்டுரையை எழுத அமர்ந்தபோது, உண்மையைச் சொல்லாமல் பிறருக்கு அறிவுரை கூறுவது முறையன்று என்று தோன்றியது. போளூருக்குச் சென்றுவிட்ட சித்திக்குத் தொலைபேசியில் பேசினேன். "சித்தி, பாப்பா முதன்முதலாகக் குப்புற விழுந்ததை நான் பார்க்கவில்லை. பொய் சொன்னேன்" என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. அவர் வருந்தினார் என்று தெரிந்தது. பிறகு, "சரி, போகட்டும். அவ இன்னும் நடக்கலை, பேசலை, ஒண்ணும் ஆகலை. லீவுக்கு வந்து பாரு" என்றார்.

காலாண்டு விடுமுறையில் போனேன். கணிப்பொறியை எடுத்துச் செல்லவில்லை. பாப்பாவுக்கு ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. பிள்ளைத்தமிழில் அது சப்பாணிப் பருவம். குழந்தை கைகொட்டும் காலம். மூன்று நாள் கைகொட்டிக் காட்டியும் அவள் என் முகத்தையே பார்த்தாளே தவிர, கையை அசைக்கவில்லை. நான்காம் நாள் மாலை, நாங்கள் புறப்படும் நேரத்தில், யாரும் கேட்காதபோது, சுவர்ப் பல்லியைப் பார்த்துத் தானாகவே இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினாள். ஓசைகூட வரவில்லை.

இம்முறை நான் பார்த்தேன்.